வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள்: கல்லூரி இரத்ததான முகாம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கும், செஞ்சுருள் சங்கம், இளையோர் செஞ்சிலுவைச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

முகாம் முடிந்து, இரத்த மையத்திலிருந்து வரும் நாங்கள் சாமான்களை வண்டியில் ஏற்றும்போது உங்களிடமிருந்து வழக்கமாக ஒரு கேள்வி வரும். "இத்தனை பிள்ளைகளைக் கூட்டி வந்தோம், இவ்வளவு பேரைத் திருப்பி அனுப்பிட்டீங்களே சார்?" அந்த அவசரத்தில் "ஹெச்பி (ஹீமோகுளோபின்) கம்மி சார்" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டு வண்டி ஏறிவிடுகிறோம். அது முழுப் பதில் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். திரும்பிப் போனவர்களில் பலர் வேறொரு தேதியிலோ, வேறொரு அறையிலோ, காலையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாலோ இரத்தம் கொடுத்திருப்பார்கள். அதை முகாமுக்கு இரண்டு வாரம் முன்பே பேசியிருக்க வேண்டும். அதனால்தான் இந்த மடல்.

மாணவர்கள் இதை 'ரிஜெக்ட்' என்கிறார்கள். எங்கள் படிவத்தில் இருக்கும் சொல் ஒத்திவைப்பு. அதில் தற்காலிகம், நிரந்தரம் என்று இரண்டு வகை. கல்லூரி முகாம்களில் நேர்வது பெரும்பாலும் முதல் வகைதான். அதற்கு ஒரு முடிவுத் தேதி உண்டு. அந்தத் தேதியைச் சொல்லாமல் அனுப்பிவிடும்போது, மூன்று மாதம் கழித்து வந்திருக்க வேண்டிய பிள்ளை "என் இரத்தம் சரியில்லையாம்" என்ற எண்ணத்தோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. இது எங்கள் பக்கத்துக் குறை. ஒப்புக்கொள்கிறோம்.

நாங்கள் கேட்கும் கேள்விகளும் பார்க்கும் அளவுகளும் எங்கள் விருப்பப்படி வைத்தவை அல்ல. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளிலும், தேசிய குருதிப் பரிமாற்றுக் குழுமம் 2017-இல் வெளியிட்ட கொடையாளர் தேர்வு வழிகாட்டுதல்களிலும் உள்ளவை. ஒரு பொறுப்பாளர் நல்ல மனதோடு "கொஞ்சம் பார்த்து விடுங்க சார், 44.5 கிலோதானே" என்று கேட்டாலும் எங்களால் முடியாது.

ஹீமோகுளோபினிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பெண்கள் கல்லூரிகளில் வரிசை உடைவது இங்கேதான். தேவையான அளவு டெசிலிட்டருக்கு 12.5 கிராம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கோடு. ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019–21) நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டிலும் அது பாதிக்கு மேல். அந்தக் கணக்கெடுப்பு கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே இருந்தால்தான் சோகை என்று எழுதும். ஆக, 12.2 உள்ள ஒரு மாணவிக்கு நோய் எதுவும் இல்லை, ஆனாலும் அவர் கொடையாளராக முடியாது. "ரெண்டு மாசம் முன்னாடி டாக்டர் நார்மல்னு சொன்னாரே" என்று அவர் கேட்கும்போது பொய் சொல்லவில்லை. இரண்டு கோடும் வேறு வேறு.

ஒருமுறை 350 மில்லி கொடுத்தால் உடம்பிலிருந்து ஏறக்குறைய 150 முதல் 175 மில்லிகிராம் இரும்பு வெளியே போகிறது. சிவப்பணுக்கள் சில வாரங்களில் ஈடுகட்டப்பட்டுவிடும். இரும்புச் சேமிப்பு மீள மாதக்கணக்கில் ஆகும். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வைத்திருப்பது இதற்காகத்தான். வருடத்துக்கு நான்கு முறை தவறாமல் கொடுக்கும் ஆண்களுக்கும் ஒருநாள் 12.3 காட்டிவிடும். "மூணு மாசத்துக்கு ஒருதரம் கொடுக்கிறவன் நான்" என்று அவர் வருந்துவார். அப்படிக் கொடுத்ததாலேயே குறைந்திருக்கலாம்.

அளக்கும் விதத்திலும் பிழை வரும். மின் அளவி இல்லாத முகாம்களில் மயில்துத்தம் கலந்த நீலக் கரைசலில் ஒரு சொட்டு இரத்தம் விட்டுப் பார்ப்போம். கரைசலின் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.053. சொட்டு 15 நொடிக்குள் மூழ்கினால் 12.5 இருக்கிறது, மிதந்தாலோ நடுவில் நின்றாலோ குறைவு. எளிய, மலிவான, நம்பத்தக்க முறைதான், சரியாகச் செய்தால். விரல் நுனியைப் பிதுக்கி எடுத்தால் திசுநீர் கலந்து இரத்தம் நீர்த்துவிடும். குழாயில் காற்றுக்குமிழ் புகுந்தால் சொட்டு மிதக்கும். 30 மில்லி கரைசலில் 25 பேருக்குப் பார்த்தபின் மாற்ற வேண்டும். மூடாமல் வெயிலில் வைத்திருந்தால் நீர் ஆவியாகிக் கரைசல் கெட்டியாகும், அப்போது நல்ல இரத்தமும் மிதக்கும். ஏ.சி. அறையில் கை சில்லிட்டிருக்கும் பிள்ளைக்கு இரத்தம் எளிதில் சொட்டாது, உடனே எங்கள் கை பிதுக்கத்தான் போகும். கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வரச் சொன்னால் இதில் ஒரு பகுதி தீரும். கரைசலில் தோற்ற ஒருவர் அளவியில் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேட்டால், எங்களிடம் அளவி இருக்கும்போது மறுக்கக் கூடாது. நீங்களும் கேளுங்கள்.

முகாமுக்கு முந்தைய வாரம் பீட்ரூட் ஜூஸ் குடித்தால் ஹெச்பி ஏறாது. மாதுளையும் பேரீச்சையும் நல்ல பண்டங்கள்தான், ஆனால் ஒரு வாரத்தில் 11-ஐ 12.5 ஆக்கும் வித்தை அவற்றிடம் இல்லை. உண்மையில் இரும்புச்சத்து குறைந்தவருக்கு மாத்திரை வேண்டும், இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து வேண்டும். சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கம் இரும்பு உடம்பில் ஏறுவதைத் தடுக்கும். டீயை ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிவைக்கலாம். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு கூடுதலாக ஏறும். நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான்: முகாமுக்கு மூன்று மாதம் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தோடு பேசி ஹெச்பி பரிசோதனை ஒன்று நடத்துங்கள். அன்று 11.5 வந்தவர் முகாமன்று கொடையாளர் ஆகலாம். ஆகாவிட்டாலும் சோகைக்கு வைத்தியம் கிடைத்திருக்கும்.

எடை. 350 மில்லி பைக்குக் குறைந்தது 45 கிலோ, 450 மில்லி பைக்கு 55 கிலோவுக்கு மேல். "எனக்குக் கொஞ்சமா எடுத்துக்கோங்க" என்று 42 கிலோ மாணவி கேட்பார். 350 மில்லி பைக்குள் உறையாமல் தடுக்கும் திரவம் 49 மில்லி முன்பே ஊற்றி வருகிறது, 100 மில்லி இரத்தத்துக்கு 14 மில்லி என்ற கணக்கில். பாதிப் பை எடுத்தால் அந்த விகிதம் கெட்டு, பையே வீணாகும். மறுபக்கம், 45 கிலோ பெண்ணின் உடம்பில் மொத்தமே மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவான இரத்தம்தான் இருக்கும். அதில் 350 போவதே எட்டில் ஒரு பங்கு. இளவயது, குறைந்த எடை, முதல் முறை என்ற மூன்றும் சேர்ந்தவர்கள்தான் மயங்கி விழுவதில் முதலிடம். பவர் பேங்க்கையும் இரண்டு போனையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எடை மேடையில் ஏறும் பிள்ளைகளின் ஆர்வம் எங்களுக்குப் புரிகிறது. தயவுசெய்து அதற்குக் கைதட்டாதீர்கள்.

இரத்த அழுத்தம் மேலே 100 முதல் 140, கீழே 60 முதல் 90. நாடித்துடிப்பு 60 முதல் 100. பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு 150 காட்டுவதற்கு நோய் தேவையில்லை. மூன்றாவது மாடி அரங்கு, லிஃப்ட் பழுது, காபி, பக்கத்துக் கட்டிலில் ஊசி குத்துவதைப் பார்த்த பயம், இவையே போதும். முகாமைத் தரைத்தளத்தில் வையுங்கள். பி.பி. பார்க்கும் மேசைக்கு முன் பத்து நாற்காலி போட்டு, ஒவ்வொருவரையும் பத்து நிமிடம் உட்கார வைத்து அனுப்புங்கள். காத்திருப்பவரின் கண்ணுக்குக் கட்டில்கள் தெரியாதபடி ஒரு திரை கட்டுங்கள். ஒருமுறை அதிகம் காட்டியவரை அரைமணி கழித்து மறுபடி பார்க்கச் சொல்லி எங்களை வற்புறுத்தலாம், அது நியாயமான வற்புறுத்தல்.

அடுத்தது வயிறும் தூக்கமும். காலை உணவு இல்லாமல் வருபவரிடம் எடுக்க மாட்டோம். விடுதி மாணவர்கள் எட்டரைக்கு எழுந்து ஒன்பதுக்கு வரிசையில் நிற்பவர்கள். மெஸ்ஸில் அன்று டிபனைக் கொஞ்சம் முன்னதாகப் போடச் சொல்வது உங்கள் கையில் இருக்கிறது. ஊசிக்குச் சற்று முன் அரை லிட்டர் தண்ணீர் குடிப்பது மயக்கத்தைக் குறைக்கும். இரவுப் பணி முடித்தோ, தூங்காமலோ வந்தால் ஒத்திவைப்பு. மது வாடை இருந்தால் பேச்சே இல்லை. நடிகர், தலைவர் பிறந்தநாள் முகாம்களை நடத்தும் மன்றத்து நண்பர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும்: இரவெல்லாம் கட்-அவுட் கட்டி, விடிய விடியக் கொண்டாடியவர்கள் காலை ஏழு மணிக்கு முதல் வரிசையில் நிற்கிறார்கள். மனசு பெரியது. உடம்பு அன்றைக்குத் தயாராக இல்லை. ஒரு வாரம் கழித்து வைத்துக்கொண்டால் அதே ஆட்கள், அதே இரத்தம், திருப்பி அனுப்பல் குறைவு.

தேதி குறிக்கும்போது நாள்காட்டியை நன்றாகப் புரட்டுங்கள். ஜூன் 14-ம் அக்டோபர் 1-ம் இரத்ததான நாள்கள் என்பதால் முகாம்கள் அந்த வாரங்களில் குவிகின்றன. ரமலான் மாதத்திலும், சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் ஒருபொழுது இருக்கும் மார்கழியிலும், புரட்டாசிச் சனிக்கிழமையிலும் வைத்தால் விரதம் இருப்பவர்கள் வரிசையில் நின்றும் பயனில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலம் காய்ச்சல் காலம். டெங்குவோ சிக்குன்குனியாவோ வந்தவர் முழுக்கக் குணமாகி 6 மாதம் காத்திருக்க வேண்டும். மலேரியாவுக்கு 3 மாதம், டைபாய்டுக்கு 12 மாதம். வெறும் சளி, இருமல் என்றால் அறிகுறிகள் எல்லாம் போனாலே போதும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு நீக்க மாத்திரை தரும் வாரத்தைத் தவிருங்கள். முதலாண்டு மாணவர்களில் 19 வயது வரை அதை விழுங்கியிருப்பார்கள், அதற்கு 7 நாள் இடைவெளி.

தைப்பூசமும் பங்குனி உத்திரமும் தனியாகச் சொல்லத் தக்கவை. அலகு குத்தியவரும், திருவிழாக் கடையில் பச்சை குத்தியவரும், புதிதாகக் காது மூக்கு குத்தியவரும் 12 மாதம் கொடுக்க முடியாது. குற்றம் பச்சையில் இல்லை, ஊசியில் இருக்கிறது. ஒரே ஊசியும் மையும் பலருக்குப் போயிருந்தால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள் அதன்வழியே கடந்து வரும். பெரிய மாலில் புது ஊசி பிரித்துக் குத்தினார்கள் என்று சொன்னாலும் அதை மேசையில் உட்கார்ந்து சரிபார்க்க எங்களுக்கு வழியில்லை, விதியும் இரண்டையும் பிரிக்கவில்லை. இன்னும் சில: பல் பிடுங்கினால் 6 மாதம், சிறு அறுவை சிகிச்சைக்கு 6 மாதம், பெரியதற்கு 12 மாதம், நாய் கடித்து ஊசி போட்டவருக்கு ஓராண்டு. மாணவர்கள் மருந்தென்றே நினைக்காமல் சொல்ல மறப்பவை இரண்டு. முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், முடி உதிர்வதற்கான ஃபினாஸ்டரைடு. கடைசி மாத்திரைக்குப் பின் ஒரு மாதம் ஆக வேண்டும், ஏனென்றால் அந்த இரத்தம் கர்ப்பிணிக்குப் போனால் கருவைப் பாதிக்கக்கூடும்.

மஞ்சள் காமாலை நம் ஊரில் ஒரு தனிச் சிக்கல். ஹெபடைட்டிஸ் ஏ அல்லது ஈ என்று பரிசோதனையில் தெரிந்தால் 12 மாதத்தில் ஒத்திவைப்பு முடிந்துவிடும். ஆனால் கீழாநெல்லி அரைத்துக் குடித்துக் குணமானவரிடம் எந்தத் தாளும் இருக்காது. வகை தெரியாத காமாலையை விதி நிரந்தர ஒத்திவைப்பில் சேர்க்கிறது. அவருக்கு வந்தது பெரும்பாலும் தண்ணீரால் பரவும் சாதாரண வகையாகவே இருந்திருக்கும், நிரூபிக்கத்தான் வழியில்லை. பழைய ஆய்வக அறிக்கை வீட்டில் கிடந்தால் எடுத்து வரச் சொல்லுங்கள்.

பெண்களிடம் கேட்கும் கேள்விகள் கூச்சத்தைத் தரக்கூடியவை. மாதவிடாய் நாள்களில் எடுப்பதில்லை. பிரசவம் ஆனவருக்கு 12 மாதம், கருச்சிதைவுக்கு 6 மாதம், பாலூட்டும் காலம் முழுவதும் விலக்கு. இவற்றை ஒரு மேசையில் வைத்து, பின்னால் பத்துப் பேர் நிற்க, ஆண் தன்னார்வலர் படிவம் நிரப்பும்போது கேட்டால் யார் உண்மை சொல்வார்கள்? தனி அறை வேண்டும், கதவு இல்லாவிட்டால் திரையாவது வேண்டும். படிவத்தை அவரவரே நிரப்பட்டும். ஒரே மாதத்தில் இரண்டு வார இடைவெளியில் இரண்டு தேதி கொடுத்தால், முதல் தேதியில் முடியாதவர் இரண்டாவதில் வருவார். பெண்கள் கல்லூரிகளுக்கு நாங்கள் தரும் முதல் யோசனை இது.

இப்போது எங்களுக்கு உண்மையிலேயே கவலை தரும் இடத்துக்கு வருகிறோம். எடுத்த ஒவ்வொரு யூனிட்டையும் (ஒரு பை இரத்தம்) எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்கிறோம். "அதான் டெஸ்ட் பண்றீங்களே, அப்புறம் எதுக்கு இத்தனை கேள்வி?" என்பீர்கள். தொற்று உடலில் நுழைந்த முதல் சில நாள்களிலோ வாரங்களிலோ எந்தச் சோதனையும் அதைக் காட்டாது. வைரஸின் மரபணுவையே தேடும் நவீன நாட் (NAT) சோதனை அந்த இருட்டு நாள்களைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. அந்த இடைவெளியில் நோயாளியைக் காப்பது கொடையாளர் சொல்லும் உண்மை மட்டும்தான். அந்த உண்மையை நீங்கள் விலைக்கு வாங்கிவிடுகிறீர்கள். எப்படி என்றால், இரத்தம் கொடுத்தால் ஓ.டி. (ஆன் டியூட்டி அனுமதி), கொடுத்தால் இன்டர்னல் மார்க், கொடுத்தால் வருகைப்பதிவு. பணம் வாங்கி இரத்தம் கொடுப்பது 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் விளைவாக 1998 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டது. பணத்துக்காக வருபவர் உண்மையை மறைப்பார் என்பது அதற்கான காரணங்களில் ஒன்று. வருகைப்பதிவுக்காக வருபவரும் மறைப்பார். ஓ.டி. கொடுப்பதானால் முகாமுக்கு வந்த எல்லோருக்கும் கொடுங்கள், இரத்தம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். "ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் இருபது பேர் கட்டாயம்" என்ற சுற்றறிக்கையை இனி அனுப்பாதீர்கள்.

2018 டிசம்பரில் சாத்தூரில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்ட செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கொடையாளர் 2016-லேயே ஒரு முகாமில் கொடுத்த இரத்தத்தில் தொற்று தெரிந்திருந்தும், அது அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. படிவத்தில் செல்போன் எண்ணுக்கு எதிரே நண்பன் எண்ணையோ வார்டன் எண்ணையோ எழுதும் மாணவரைப் பார்க்கும்போதெல்லாம் இது எங்கள் நினைவுக்கு வருகிறது. சொந்த எண், வீட்டு முகவரி, முடிவு தெரிய வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் ஆகிய மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று உங்கள் தன்னார்வலர்கள் பார்க்கட்டும். மற்ற பதில்களைப் படிக்க வேண்டாம்.

நிரந்தர ஒத்திவைப்பில் வலிப்பு நோய் உள்ளவர்கள், இன்சுலின் போடுபவர்கள், ஹெபடைட்டிஸ் பி அல்லது சி உள்ளவர்கள் போன்றோர் வருவார்கள். சர்க்கரைக்கு மாத்திரை மட்டும் எடுத்து, நான்கு வாரமாக அளவு மாறாமல், கட்டுப்பாட்டில் இருப்பவர் கொடுக்கலாம். பேராசிரியர்களில் பலர் இது தெரியாமலே ஒதுங்கி நிற்கிறார்கள். 2017 வழிகாட்டுதலின் 12-ஆம் பிரிவு திருநர்களையும் ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களையும் மொத்தமாக விலக்குகிறது. நடத்தையைப் பார்க்காமல் அடையாளத்தைப் பார்க்கும் விதி இது என்று கூறி, 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. எங்களில் பலருக்கும் இந்த விதியில் உடன்பாடில்லை. விதி மாறும்வரை பின்பற்றித்தான் ஆக வேண்டும்; ஆனால் உங்கள் மாணவர் ஒருவரை இதன்பொருட்டு வரிசையில் வைத்து அவமானப்படுத்த எவருக்கும் உரிமை கிடையாது.

கூட்டத்தாலும் ஆட்கள் திரும்புகிறார்கள். வெளி முகாம்களுக்கு விதிகளே ஓர் அளவு சொல்கின்றன: ஒரு மருத்துவர், இரண்டு செவிலியர், ஆறு முதல் எட்டுக் கட்டில் இருந்தால் 3 மணி நேரத்தில் 50 முதல் 70 பேர், 5 மணி நேரத்தில் 100 முதல் 120 பேர். நீங்கள் முந்நூறு பேரை ஒன்பது மணிக்கே திரட்டி நிறுத்தினால், பன்னிரண்டு மணிக்கு அவர்களின் காலை டிபன் செரித்திருக்கும், வெயில் ஏறியிருக்கும், கட்டிலுக்கு வந்ததும் மயங்குவார்கள். மணிக்கு இருபது பேர் என்று துறைவாரியாக நேரம் பிரித்து அனுப்புங்கள். மேலும், இரத்தம் எடுத்த நாளிலிருந்து இந்தப் பைக்கு 35 நாள்தான் ஆயுள், அதுவும் 2 முதல் 6 டிகிரியில். அதிலிருந்து பிரிக்கும் பிளேட்லெட்டுக்கு 5 நாள். ஒரே நாளில் ஐந்நூறு யூனிட் சாதனை செய்து ஃபிளெக்ஸ் அடிப்பதைவிட, மூன்று மாதத்துக்கொருமுறை எண்பது யூனிட் எங்களுக்கு உதவும். சில நாள் ஓ பாசிட்டிவ் இருப்பு நிறைந்திருந்தால் நாங்களே "இன்று போதும், எண்ணைக் கொடுங்கள், கூப்பிடுகிறோம்" என்போம். அதையும் மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

திருப்பி அனுப்பப்பட்டவரை நடத்தும் விதம் பற்றி ஒரு வேண்டுகோள். யார் யார் கொடுக்க முடியவில்லை என்று மைக்கில் வாசிக்காதீர்கள். கொடுத்தவர்களுக்கு மட்டும் ஜூஸ் என்று வைத்தால், கையில் ஜூஸ் இல்லாதவனைப் பார்த்து மற்றவர்கள் "என்னடா வியாதி?" என்று கேட்பார்கள், வந்த எல்லோருக்கும் ஜூஸும் பிஸ்கட்டும் கொடுங்கள், செலவு பெரிதல்ல. எங்கள் பங்குக்கு, காரணத்தையும் மறுபடி வரக்கூடிய தேதியையும் ஒரு சிறு சீட்டில் எழுதி மடித்துக் கையில் கொடுப்போம். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

அடுத்த முகாமுக்குத் தேதி குறிக்கும்முன், தேர்வு அட்டவணையையும் விரத நாள்களையும் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். மூன்று வாரம் முன்பே வந்து, விருப்பப் பட்டியலில் பெயர் கொடுத்தவர்களிடம் இந்தக் கேள்விகளைத் தனித்தனியே கேட்டுப் பார்க்க எங்கள் ஆலோசகர் ஒருவரை அனுப்புகிறோம். அறை ஒன்றும் இரண்டு நாற்காலியும் போதும்.

இப்படிக்கு,
முகாம்களுக்கு வரும் இரத்த மைய மருத்துவர்கள், ஆலோசகர்கள், ஆய்வக நுட்பநர்கள்